கிராமங்களில் கைப்பேசி இணையம்: விலையும் தரமும்

எந்தப் பொருளை வாங்கினாலும் அதன் விலையோடு அளவையும் தரத்தையும் விசாரிப்பது மக்களின் வழக்கம். அரிசியானால் எந்த ரகம் என்று கேட்பார்கள். பாலானால் தண்ணீர் கலந்ததா என்று பார்ப்பார்கள். கைப்பேசி வழியாகக் கிடைக்கும் இணையத்தின் விஷயத்தில் மட்டும் விலை தெரிந்தவுடன் விசாரணை முடிந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத பொருளை எப்படி அளப்பது என்பது பலருக்குத் தெரியாததே இதற்குக் காரணம்.

ஒரு கம்பெனியின் கட்டணத் திட்டம் டில்லியிலும் தொலைதூரக் கிராமத்திலும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. ஆனால் அதே கட்டணத்துக்கு இரண்டு இடங்களிலும் கிடைக்கும் சேவை ஒன்றல்ல. விலை ஒன்றாயிருந்து தரம் குறைந்தால், தரம் குறைந்த இடத்தில் இருப்பவர் உண்மையில் அதிக விலை கொடுக்கிறார் என்பதே பொருள். இந்த வேறுபாடு எங்ஙனம் உண்டாகிறது, அதை எவ்வாறு அளந்து காட்டலாம் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது வெறும் வசதியைப் பற்றிய விஷயமன்று. 2021 மார்ச் முதல் அங்கன்வாடிப் பணியாளர்கள் போஷண் டிராக்கர் என்னும் செயலியில் குழந்தைகளின் விவரங்களைப் பதிந்து வருகின்றனர். ஊரக வேலை உறுதித் திட்டப் பணியிடங்களில் தொழிலாளரின் வருகையைப் புகைப்படத்துடன் செயலியில் பதிவு செய்வது 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டது. நியாய விலைக் கடையில் விரல் ரேகையைச் சரிபார்க்கும் கருவிக்கும் இணைப்பு தேவை. 2018 முதல் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அச்சாகிவரும் க்யூ.ஆர். குறியீடுகள் மாணவனை இணையத்திலுள்ள பாடங்களுக்கு அழைத்துச் செல்கின்றன. எனவே, ஒரு கிராமத்தில் இணைப்பு தடைப்பட்டால் கூலியும் உணவுப் பொருளும் பாடமும் அதனுடன் தடைப்படக்கூடும்.

சராசரி காட்டுவதும் மறைப்பதும்

நாட்டின் புள்ளி விவரங்கள் பெரிய முன்னேற்றத்தைக் காட்டுகின்றன. 2024 ஏப்ரல் நிலவரப்படி, மொத்தமுள்ள 6,44,131 கிராமங்களில் 6,12,952 கிராமங்கள், அதாவது நூற்றுக்கு 95 வீதம், 3ஜி அல்லது 4ஜி இணைப்புப் பெற்றிருந்தன. தேசிய மாதிரி ஆய்வின் 2017–18ஆம் ஆண்டுக் கணக்கில் கிராமக் குடும்பங்களில் நூற்றுக்கு 15 குடும்பங்களே இணைய வசதி உடையவையாக இருந்தன. 2025இல் இந்த விகிதம் எண்பதுக்கு மேல் உயர்ந்துவிட்டது.

இம்முன்னேற்றம் உண்மையானது, ஆயினும் இது எல்லாவற்றையும் சொல்லிவிடவில்லை. 2024 மார்ச் இறுதியில் நாட்டில் இருந்த 95.44 கோடி இணையச் சந்தாக்களில் கிராமங்களுக்கு உரியவை 39.84 கோடி மட்டுமே. 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 69 பேர் கிராமவாசிகள் என்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். தொலைபேசி அடர்த்தியும் அவ்வாறே. அதே மார்ச்சில் நூறு நகரவாசிகளுக்கு 133 இணைப்புகளும், நூறு கிராமவாசிகளுக்கு 59 இணைப்புகளும் இருந்தன.

தலைநகரமாகிய டில்லியின் கணக்கு இன்னும் வியப்பூட்டுவது. அங்கு நூறு பேருக்கு 250க்கும் மேற்பட்ட இணைப்புகள் காட்டப்படுகின்றன. ஆனால் டில்லிச் சேவைப் பகுதி என்பது டில்லி எல்லையுடன் நிற்பதில்லை. குருகிராமம், பரீதாபாத், நொய்டா, காஜியாபாத் ஆகிய அண்டை நகரங்களின் இணைப்புகளும் அதில் சேர்கின்றன. ஒருவரே இரண்டு மூன்று சிம் அட்டைகள் வைத்திருப்பதும் உண்டு. ஆகவே, எந்த எண்ணைக் கண்டாலும் அதில் எதை எண்ணினார்கள், எதை எதனால் வகுத்தார்கள் என்று கேட்டறிவது விஞ்ஞான முறையின் முதற்படியாகும்.

‘இணைப்புப் பெற்ற கிராமம்’ என்னும் சொற்றொடரையும் இவ்வாறே ஆராய வேண்டும். அது அந்தக் கிராமத்துக்கு அலை எட்டுகிறது என்பதைச் சொல்கிறது. கடைசித் தெருவிலுள்ள வீட்டினுள்ளே, இரவு எட்டு மணிக்கு, எத்தனை வேகத்தில் சேவை கிடைக்கிறது என்பதை அது சொல்வதில்லை.

விலையின் மூன்று முகங்கள்

இந்தியாவில் ஒரு ஜிகாபைட் தரவின் சராசரி விலை 2014இல் சுமார் 269 ரூபாயாக இருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் சேவை தொடங்கியபின் எழுந்த போட்டியால் அது வேகமாக வீழ்ந்தது. 2024 அளவில் பத்து ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. உலகிலேயே மிகக் குறைந்த விலைகளில் ஒன்று இது என்று சொல்வது தவறன்று. ஆனால் இது விலையின் ஒரு முகம் மட்டுமே.

இரண்டாவது முகம், நுழைவுக் கட்டணம். தரவைப் படிக்கணக்கில் வாங்க முடியாது. மாதக் கணக்கில் மூட்டையாகவே வாங்க வேண்டியிருக்கிறது. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணங்களை ஏறத்தாழ 10 முதல் 25 சதவிகிதம் வரை உயர்த்தின. அதன்பின், நாளொன்றுக்கு 1.5 ஜிகாபைட் தரும் 28 நாள் திட்டங்களின் விலை 300 ரூபாயை ஒட்டியும் அதற்கு மேலும் அமைந்தது. மேலும், 28 நாள் என்பது ஒரு மாதமன்று. ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை செய்ய வேண்டிய ரீசார்ஜ் இதனால் பதின்மூன்று முறையாகிறது. இக்குறையை நீக்க, முப்பது நாள் திட்டம் ஒன்றையும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையும் ஒவ்வொரு நிறுவனமும் அளிக்க வேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜனவரியில் கட்டளையிட்டது. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களையும் அளிக்க வேண்டும் என்பது 2024 டிசம்பரில் பிறப்பிக்கப்பட்ட விதியாகும்.

2023–24ஆம் ஆண்டுக் குடும்பச் செலவு ஆய்வின்படி, ஒருவரின் சராசரி மாதச் செலவு கிராமத்தில் 4,122 ரூபாய். நகரத்தில் 6,996 ரூபாய். ஆகவே 300 ரூபாய் என்பது நகரவாசியின் செலவில் நூற்றுக்கு 4 பங்கு. கிராமவாசியின் செலவில் நூற்றுக்கு 7 பங்கு. கட்டணம் சமமாயினும் சுமை சமமன்று.

மூன்றாவது முகமே மிகவும் கவனிக்கத்தக்கது. மேற்கூறிய திட்டத்தில் 28 நாளில் கிடைப்பது 42 ஜிகாபைட். அதை முழுவதும் பயன்படுத்துபவருக்கு ஒரு ஜிகாபைட்டின் விலை சுமார் 7 ரூபாய். அன்றாட அளவில் பயன்படாத பகுதி நள்ளிரவில் காலாவதியாகிவிடும். இணைப்பு மெதுவாக இருப்பதால் ஒருவர் மாதத்தில் 10 ஜிகாபைட் மட்டுமே பயன்படுத்த முடிகிறது என்று கொண்டால், அவருக்கு ஒரு ஜிகாபைட் 30 ரூபாய் ஆகிறது. கடையில் எழுதப்பட்ட விலை மாறவில்லை. தரக்குறைவே விலையை நான்கு மடங்குக்கு மேல் உயர்த்திவிட்டது. அலை தேடி மேட்டுக்கு நடப்பதிலும், வேலை முடியாமல் மறுநாள் மீண்டும் வருவதிலும் செலவாகும் நேரம் இக்கணக்கில் சேரவில்லை.

அலையும் தூரமும்

தரம் ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதற்குப் பௌதிகம் விடை தருகிறது. கோபுரத்திலிருந்து புறப்படும் மின்காந்த அலை, விளக்கின் ஒளியைப் போல, செல்லச் செல்லப் பரந்து மெலிகிறது. தடையற்ற வெளியில் தூரம் இரு மடங்கானால் வந்துசேரும் திறன் நான்கில் ஒரு பங்காகும். மரங்களும் கட்டடங்களும் மேடுகளும் நிறைந்த நிலத்தில் அது இன்னும் விரைவாகக் குறையும். ஜவ்வாது மலை, கொல்லி மலை போன்ற மடிப்புகள் மிகுந்த பிரதேசங்களில், கோபுரத்துக்கு அருகிலுள்ள ஊரும் ஒரு குன்றின் மறைவில் நிழலுக்குள் விழுந்துவிடக்கூடும்.

அலையின் அதிர்வெண்ணும் முக்கியமானது. 700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அதிர்வெண் அலைகள் நெடுந்தூரம் செல்வன. சுவர்களையும் ஓரளவு ஊடுருவுவன. ஆனால் அவற்றில் கிடைக்கும் பட்டையின் அகலம் குறைவாதலால் ஏற்றிச் செல்லும் சுமையும் குறைவு. 3,300 மெகாஹெர்ட்ஸ் பட்டை அகலமானது. வேகம் மிகுதியாகத் தருவது. ஆனால் விரைவில் மெலிவது. 2022 அக்டோபர் 1ஆம் தேதி புது டில்லியில் தொடங்கி வைக்கப்பட்ட 5ஜி சேவை பெருமளவில் இப்பட்டையைச் சார்ந்தது. கோபுரங்கள் நெருங்கி நிற்கும் நகரத்துக்கு இது ஏற்றது. கோபுரங்கள் தொலைவில் நிற்கும் சிற்றூருக்கு இதனால் மட்டும் பயன் கிடைத்துவிடாது.

களப்பணியாளர் பலர் கண்டு வியக்கும் ஒரு நிகழ்ச்சியையும் இங்கே விளக்கலாம். கைப்பேசியில் சிக்னல் கோடுகள் தெரிகின்றன; செய்தி வருகிறது; ஆனால் எடுத்த படம் மட்டும் போய்ச் சேருவதில்லை. கோபுரத்தின் ஒலிபரப்புக் கருவி பல பத்து வாட் திறனுடையது. கைப்பேசியோ ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாட் திறனுடன்தான் பதில் அனுப்புகிறது. ஆகவே எல்லைப் பகுதியில் கோபுரத்தின் குரல் கைப்பேசிக்குக் கேட்கும். கைப்பேசியின் குரல் கோபுரத்துக்குச் சரியாகக் கேட்காது. மூன்று மெகாபைட் படம் என்பது 24 மெகாபிட். மேலேற்றும் வேகம் விநாடிக்கு 2 மெகாபிட் ஆனால் அது 12 விநாடியில் சென்றுவிடும், 0.2 மெகாபிட் ஆனால் இரண்டு நிமிஷம் பிடிக்கும். இடையில் இணைப்பு அறுந்தால் பல வேளைகளில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பங்கிட்டுக் கொள்ளும் குழாய்

கோபுரத்தின் வேகம் ஒருவருக்கு உரியதன்று. ஊரார் அனைவரும் பங்கிட்டுக் கொள்வது. தெருக்குழாயை இதற்கு உவமையாகக் கூறலாம். உதாரணமாக, 4ஜி கோபுரத்தின் ஒரு முகம் விநாடிக்கு மொத்தம் 20 மெகாபிட் அளிக்கிறது எனக் கொள்வோம். விடியற்காலையில் இருவர் பயன்படுத்தினால் ஆளுக்கு 10 மெகாபிட் கிடைக்கும். இரவு எட்டு மணிக்கு நாற்பது பேர் ஒரே சமயத்தில் படம் பார்த்தால் ஆளுக்கு அரை மெகாபிட்தான் மிஞ்சும். தொலைவிலுள்ளவர்களுக்கு அதே செய்தியை அனுப்பக் கோபுரம் அதிக நேரம் செலவிட வேண்டியிருப்பதால், அவர்களுடைய தொல்லை மற்றவர்களின் பங்கையும் குறைக்கிறது.

விநாடிக்கு 2 மெகாபிட்டுக்குக் குறையாத இணைப்பையே அகலப்பட்டை என அழைக்கலாம் என்பது 2023 ஜனவரியில் மத்திய அரசாங்கம் வகுத்த இலக்கணம். இந்த எல்லை 2004இல் 256 கிலோபிட் ஆகவும், 2013இல் 512 கிலோபிட் ஆகவும் இருந்தது. மேற்கூறிய உதாரணத்தில் அந்த ஊர் காலையில் அகலப்பட்டை உடையது. இரவில் அது இல்லாதது.

கோபுரத்துக்கு அப்பாலும் பாதை இருக்கிறது. கோபுரத்தை உலகத்துடன் இணைப்பது கண்ணாடி இழையாகவோ, மற்றொரு கோபுரத்தை நோக்கிய நுண்ணலையாகவோ இருக்கலாம். 2024 அளவில் நாட்டின் கோபுரங்களில் பாதிக்கும் குறைவானவையே கண்ணாடி இழையால் இணைக்கப்பட்டிருந்தன. இப்பாதை குறுகலானால், ஊரில் சிக்னல் எவ்வளவு வலுவாக இருந்தும் பயனில்லை. ஏரி நிறைந்திருந்தும் மதகு சிறியதானால் வயலுக்கு நீர் பாயாதது போன்றதே இது. மின்சாரம் நின்று கோபுரத்தின் மின்கலமும் தீர்ந்துவிட்டால், எல்லாமே நின்றுபோகும்.

செலவைத் தாங்குவது யார்?

நிறுவனங்கள் ஏன் கிராமங்களில் போதிய கோபுரங்களை நடுவதில்லை? ஒரு கோபுரத்துக்கு மாதம் 60,000 ரூபாய் செலவாகிறது என்று கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். அதன் எல்லையில் 3,000 சந்தாதாரர் இருந்தால் தலைக்கு 20 ரூபாய். 300 பேர் மட்டும் இருந்தால் தலைக்கு 200 ரூபாய். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் டில்லியில் சதுர கிலோமீட்டருக்கு 11,320 பேரும், நாடு முழுவதற்குமான சராசரியில் 382 பேரும் வசித்தனர். கைப்பேசிக் கட்டணத்தை நிர்ணயிக்கும் உரிமை நிறுவனங்களிடமே பெரும்பாலும் விடப்பட்டிருக்கிறது. ஆதலால், மக்கள் நெருங்கி வாழும் இடத்தை நோக்கியே மூலதனம் செல்லும்.

இதைச் சமன் செய்வதற்காகவே 2002 ஏப்ரல் 1 முதல் பொதுச் சேவைக் கடமை நிதி நடைமுறைக்கு வந்தது. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் திருத்திய மொத்த வருவாயில் நூற்றுக்கு 5 வீதம் இதற்காகப் பெறப்பட்டு, இலாபம் தராத பிரதேசங்களில் சேவையைப் பரப்ப உதவுகிறது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தினால் இது டிஜிட்டல் பாரத் நிதி என்னும் பெயர் பெற்றது. கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டு செல்லும் பாரத்நெட் திட்டம் 2011 அக்டோபரில் வேறு பெயருடன் ஒப்புதல் பெற்றது. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்ச் செலவில் விரிவாக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு டான்ஃபிநெட் நிறுவனத்துக்கு உரியது.

சேவை எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி அளிக்க 2022 ஜூலையில் 26,316 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. டில்லியில் 1984இல் நிறுவப்பட்ட சி-டாட் ஆராய்ச்சி நிலையம் முதலியவற்றின் முயற்சியால் உருவான உள்நாட்டு 4ஜி அமைப்பு, பி.எஸ்.என்.எல். கோபுரங்களில் 2025 செப்டம்பர் 27ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அரசாங்க நிதியில் நடப்பட்ட கோபுரங்களை எந்த நிறுவனத்தின் வாடிக்கையாளரும் பயன்படுத்தும் ஏற்பாடு அதே ஆண்டு ஜனவரியில் தொடங்கப்பட்டது. ஒரே கோபுரமுள்ள ஊருக்கு இது பெரிய உதவியாகும். ஏனெனில், சேவை பிடிக்காவிட்டால் எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்குச் செல்லும் உரிமை 2011 முதல் நாடெங்கும் இருந்தும், மாறிச் செல்ல இரண்டாவது நிறுவனம் இல்லாத ஊரில் அந்த உரிமை ஏட்டளவில்தான் நிற்கும்.

ஊரிலேயே அளத்தல்

தரத்தைக் கண்காணிக்கும் விதிகளும் கடுமையாக்கப்பட்டுள்ளன. ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஆகஸ்டில் வெளியிட்டு, அக்டோபர் 1 முதல் நடைமுறைப்படுத்திய விதிகளின்படி, ஒவ்வொரு நிறுவனமும் தன் சேவை எட்டும் இடங்களைக் காட்டும் தேசப்படத்தை இணையத்தில் வெளியிட வேண்டும். ஒரு மாவட்டத்தில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் தடைப்பட்டால் வாடிக்கையாளருக்கு ஈடும் அளிக்க வேண்டும். ஆணையம் வண்டிகளில் கருவிகளை ஏற்றிச் சாலைகளில் பரிசோதனையும் நடத்துகிறது. ஆனால் வண்டி செல்லும் சாலையும், பள்ளிக்கூடத்தின் உள்ளறையும் ஒன்றல்ல. அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர்கள் உள்ளூரில் பணிபுரியும் ஆசிரியர்களும் களப்பணியாளர்களுமே.

இதற்கு விசேஷக் கருவி தேவையில்லை. ஆணையம் வெளியிட்ட மைஸ்பீடு போன்ற வேகம் அளக்கும் செயலி ஒன்று போதும். பள்ளி, நியாய விலைக் கடை, கடைக்கோடித் தெரு என மூன்று இடங்களைத் தேர்ந்து கொள்க. காலை ஏழு, முற்பகல் பதினொன்று, இரவு எட்டு என மூன்று வேளைகளில், ஏழு நாட்கள் அளந்தால் 63 அளவுகள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், நிறுவனம், 4ஜியா 5ஜியா என்பது, இறக்கும் வேகம், ஏற்றும் வேகம், அப்போது மின்சாரம் இருந்ததா என்பவற்றைக் குறிக்க வேண்டும். கைப்பேசியின் அமைப்புப் பகுதியில் சிக்னலின் வலிமை டி.பி.எம். என்னும் அலகில் காட்டப்படும். 4ஜியில் அது கழித்தல் 90 அளவில் இருந்தால் நன்று. கழித்தல் 110க்குக் கீழே போனால் மிகவும் பலவீனம். இவ்வலகில் பத்து எண் குறைந்தால் திறன் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் தரவு செலவாகும் என்பதையும் நினைவில் வைப்பது நல்லது.

முடிவைச் சராசரியாக மட்டும் எழுதுதல் கூடாது. ஐந்து இரவுகளில் 9, 0.8, 1.1, 0.6, 1.0 மெகாபிட் வேகம் கிடைத்தது என்போம். இவற்றின் சராசரி 2.5, அகலப்பட்டையின் எல்லையை அது தாண்டிவிட்டது. ஆனால் ஐந்தில் நான்கு இரவுகள் அந்த எல்லைக்குக் கீழேயே கழிந்திருக்கின்றன. ‘ஐந்தில் நான்கு முறை தவறியது’ என்று எழுதுவதே உண்மையைச் சொல்லும் முறை.

இந்த அட்டவணை பல குழப்பங்களைத் தீர்க்கும். சிக்னல் எப்போதும் பலவீனமானால் தேவை புதிய கோபுரம். சிக்னல் வலுவாயிருந்து இரவில் மட்டும் வேகம் குறைந்தால், தேவை கூடுதல் அலைப்பட்டை அல்லது அகன்ற கண்ணாடி இழைப் பாதை. மின்தடையின்போது மட்டும் நின்றால் தேவை மின்கலம். ‘டவர் சரியில்லை’ என்னும் முறையீட்டைவிட இத்தகைய குறிப்பு நிறுவனத்தின் குறைதீர் மையத்திலும், அங்கு தீராதபோது மேல்முறையீட்டு அலுவலரிடமும் அதிக வலிமை பெறும். ஊராட்சியின் கிராம சபையிலும் இதனை வாசித்துப் பதிவு செய்யலாம். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இதைக் கணக்கும் பௌதிகமும் கலந்த பயிற்சியாகச் செய்வதும் பயனுடையது.

அதுவரை இருக்கும் இணைப்பைச் சிக்கனமாகக் கையாளுவதும் அவசியம். பாடங்களைக் கூட்டமில்லாத விடியற்காலையில் இறக்கிவைத்து வகுப்பில் காட்டலாம். தீக்ஷா தளம் இதற்கு வசதி அளிக்கிறது. படங்களின் அளவைக் குறைத்து அனுப்பினால் நேரம் மிச்சமாகும். இணைப்பின்றியே பதிவு செய்து பின்னர் அனுப்ப இடமளிக்கும் செயலிகளில், பதிவை உரிய நேரத்திலேயே செய்துவிடலாம். ஆயினும், இணைப்புக் கிடைக்காத காரணத்தால் ஒருவருடைய கூலியோ பொருளோ தவறினால், அது அவருடைய குற்றமன்று. அந்த இடத்தில், அந்த நேரத்தில் வேகம் எவ்வளவு இருந்தது என்று காட்டும் ஒரு வரிக் குறிப்பு, அவர் சார்பில் சாட்சியாக நிற்கும்.